நெகட்டிவ் என்று எழுதிய தாள்

மே 5, திங்கள்
போன புதன்கிழமை, குளுவாங்கில் நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் குப்பைப் பையைக் கட்டும்போது ஊசி குத்தியது. கையுறையைத் தாண்டி இரத்தம். யாருக்குப் போட்ட ஊசியோ. "சோப்பு போட்டுக் கழுவு, ஒன்னும் ஆகாது லா" என்றார் முதலாளி. கழுவினேன். மனசு கேட்காமல் இன்று அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் வாசுகிக்கு முகம் மாறிவிட்டது. மூன்று நாளுக்குள் வந்திருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தொடங்கியிருக்கலாமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

மே 8
நிக்காஹுக்கு முன் இந்த நாட்டில் முஸ்லிம்களுக்குக் கட்டாயமான எச்.ஐ.வி. பரிசோதனை. நெகட்டிவ். என்னைப் பெற்ற அத்தாவுக்கு ஒரே சந்தோஷம், உடனே தாளைப் படம் எடுத்து மாப்பிள்ளை ஆரிஃப் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டாக்டர் மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "குத்தி ஒரு வாரம்தானே ஆச்சு. கிருமி இருந்தாலும் இப்ப காட்டாது. மூணு மாசம் கழிச்சு எடுத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்."
கல்யாணம் ஜூன் எட்டு.

மே 9
தூக்கம் இல்லை.

மே 13
ஆரிஃபிடம் சொல்லிவிட்டேன். கெலாங் பாத்தாவில் அவர்கள் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், காரில். "மூணு மாசம்தானே, தள்ளி வைப்போம். நான் அம்மாகிட்ட பேசுறேன்" என்றார். அழுதேன். நல்லவர்.

மே 17
ஆரிஃபின் அம்மா, மாமி, வீட்டுக்கு வந்தார், ஆரிஃபும் கூட. "நெகட்டிவ்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு. அதையே நம்ப மாட்டேங்குறாள்னா அவளுக்கு வேற ஏதோ தெரியும்." ஊசி என்றேன். "ஊசியாம்" என்றார். ஆரிஃப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா தலை நிமிரவில்லை.
நான் பொய் சொல்லவேண்டியதுகூட இல்லை. சும்மா இருந்திருந்தாலே போதும், கல்யாணம் நடந்திருக்கும். ஆனால் எனக்கு இருந்து, அவருக்கும் தொற்றி— எப்படி முடியும்? அவரும்தான் டெஸ்ட் எடுத்தார். அந்தத் தாளை ஒருத்தராவது கேள்வி கேட்டாரா?

ஜூன் 8
அத்தா நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கி வந்தார். இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

ஜூன் 13
ஆறு வார டெஸ்ட். நெகட்டிவ். "நல்ல சேதிதான், ஆனா இன்னும் ஒரு தடவை" என்றார் டாக்டர். ஆரிஃபுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஜூலை 20
ஆரிஃபுக்கு மெர்சிங்கில் பெண் பேசி முடித்துவிட்டார்களாம். அந்தப் பெண் மேல் கோபம் வரவில்லை.

ஆகஸ்ட் 11
நெகட்டிவ். "முடிஞ்சுது நாஸியா, இனி டெஸ்ட் வேணாம்" என்று டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.
வெளியே அத்தா காரில் காத்திருந்தார். தாளை இரண்டு தரம் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மாமிகிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரவாம்மா?"
"அவங்கதான் முதல் தாளையே நம்பினாங்களே அத்தா. நம்பாதது என்னையத்தானே."
அத்தா தாளைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, காரை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினார்.