நீங்கள் மனைவி வேஷம் கட்டிய நாடகம்

மாமா,

நேற்று அந்தியில் கரண்ட் போய்விட்டது. பழைய மண்ணெண்ணெய் லாம்பைத் தேடி எடுத்துச் சிம்னியைத் துடைத்தால் விரலெல்லாம் கரி. அந்த வாடை மூக்கில் ஏறியதும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்து மேடையும், பனிமூட்டமும், உங்கள் பவுடர் முகமும் கனவு மாதிரி வந்து நின்றுவிட்டன. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும், உங்களை நினைத்தால் சேலை கட்டிய உருவந்தான் எனக்கு முதலில் தெரிகிறது. சிரிக்காதீங்க.

வெள்ளைக்காரத் துரை இன்னும் பங்களாவில் இருந்த காலம். நம் தேயிலைத் தோட்டத்து வாத்தியார் பழைய இங்கிலீஷ் சோக நாடகம் ஒன்றைத் தமிழாக்கி வைத்திருந்தார். சீமையிலே படைத்தளபதியாக இருக்கும் ஒரு கறுப்பன், பெரிய வீட்டு வெள்ளைப் பெண்ணை விரும்பிக் கட்டுகிறான். உன் நிறத்துக்கு அவள் எத்தனை நாள் தங்குவாள் என்று ஒருத்தன் காதில் ஓதுகிறான். அதை நம்பி, அவளைக் கொன்றுவிடுகிறான். இவ்வளவுதான் கதை. கதாநாயகன் என்றால் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று வாத்தியாருக்குப் பிடிவாதம். தோட்டத்திலேயே சிவந்த ஆளான கணக்கப்பிள்ளையைப் பிடித்து, முகத்தில் லாம்புக் கரியை அப்பினார். காமன் கூத்தில் வருஷா வருஷம் ரதி வேஷம் கட்டும் நீங்கள்தான் மனைவி. அட்டைக் கருப்பான உங்களுக்கு ஒரு டப்பா பவுடர்!

"செவப்பனுக்குக் கரி, கருப்பனுக்குப் பவுடரு! நல்லா இருக்குடி கூத்து" என்று லயத்து வரிசை வீடெல்லாம் சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கட்டிய புருஷன் நீங்கள், ஒரு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மலையில் கொழுந்து எடுக்கும்போது அந்தக் கணக்கப்பிள்ளையோடு நின்று சிரித்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். "பொம்பள வேசம் கட்டுறவன், கருப்பன் வேற. செவத்தவ எத்தன நாளைக்கு நிப்பா?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு. அது உங்கள் காதுக்கும் வந்தது. நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "நாடகம் முடியட்டும். உன்ன வட்டகொடையில ஒங்க ஆத்தா வீட்டுல விட்டுர்றேன்" என்றீர்கள். கேட்காத ஆளிடம் என்னத்தைச் சொல்வது என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. அஞ்சாவது வரை படித்தவள் நான். அதனால் அந்திதோறும் அடுப்படியில் உட்கார்ந்து தளபதியின் வசனத்தை நான் படிப்பேன். நீங்கள் என் பழைய சேலையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, "நான் என்ன குத்தம் செஞ்சேன், சொல்லுங்க" என்று கெஞ்சுவீர்கள். நான் உங்களிடம் கேட்க வேண்டியதை நீங்கள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்! ஒற்றை அறைக் காம்பரா நிறையப் புகை. அதற்குள்ளே யார் புருஷன், யார் பெண்டாட்டி என்றே எனக்கு மறந்துபோகும். ஒரு நாள் பாதியில் நிறுத்திவிட்டு, "கொல்றதுக்கு முன்னாடி இந்த ஆளு நெசமா ஒரு வார்த்த கேட்டா என்னவாம்?" என்றீர்கள்.

"அப்படி எழுதலையே" என்றேன்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள். பிறகு, "மேல படி" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம். கடைசிக் கட்டம் வந்தபோது மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி மேடையையே மூடிவிட்டது. வெள்ளையாக ஒரு முகம், கருப்பாக ஒரு முகம், இரண்டும் மிதந்துகொண்டிருந்தன. கணக்கப்பிள்ளை உங்கள் கழுத்தைப் பிடித்தார். நீங்கள் சாய்ந்தீர்கள். உன்னைக் கொன்றது யாரம்மா என்று தோழி வேஷக்காரன் ஓடிவந்து கேட்டான். சாகும்போதும் புருஷன் மேல் பழி போடாமல் தன் மேலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் வசனம். நானே பத்துத் தடவை படித்துக் கொடுத்தது.

பனிக்குள்ளிருந்து உங்கள் குரல் வந்தது. "என் புருசந்தான். ஒரு வார்த்த கேக்கல."

"கேக்கலையே, பாவி!" என்று முன்வரிசைப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். "வசனம்! வசனம்!" என்று திரைக்குப் பின்னால் வாத்தியார் கத்தினார். கரி முகத்தோடு கணக்கப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

லயத்துக்குத் திரும்பும்போது சேலையைக்கூட அவிழ்க்கவில்லை நீங்கள். பாதி வழியில் நின்று, "அன்னிக்கு ஏன் புள்ள சிரிச்ச?" என்றீர்கள்.

"அவரு கால்ல மாட்டுற மேசுக்குள்ள அட்டை பூந்துருச்சு. தொரை வர்ற நேரம் பாத்து ஒத்தக் கால்ல ஆடுனாரு. சிரிக்காம என்ன செய்ய?"

நீங்களும் சிரித்தீர்கள். அப்படியே கல்லில் உட்கார்ந்து அழுதீர்கள். பவுடர் கரைந்து கன்னத்தில் கருப்பாகக் கோடு கோடாக இறங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை, மாமா. ஆத்திரம்தான் வந்தது. "இதக் கேக்க ஒரு மாசமா? சேல கட்டி, செத்துப் பாத்தாத்தான் கேக்கத் தோணுமா?" என்று கத்தினேன்.

"ஆமா புள்ள" என்றீர்கள். "செத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு."

வட்டகொடைக்குப் போனோம். பொங்கலுக்கு, இரண்டு பேருமாக. அதற்கப்புறம் நமக்குள் வராத சண்டையா! ஆனால் எதுவானாலும் முதலில் என்னைக் கேட்பீர்கள். இப்போது கேட்க ஆள் இல்லை. அதனால், தனியாக எதற்காவது சிரித்துவிட்டால், ஏன் சிரித்தேன் என்று நானாகவே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.