கேக் வெட்டிய நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. சீன வரலாற்றுப் படிப்பை விட்டுவிட்டுக் கணக்கியலுக்கு மாறப் போகிறேன், இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். உன் சித்தப்பா, செத்துப்போன ராஜாக்களைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டாராம். அவர் காதில் மாட்டியிருக்கிற கருவியிலிருந்து வீட்டு பல்புவரை சீனச் சரக்கு, அந்த மனிதர்களைப் பற்றி மட்டும் ஒரு எழுத்து தெரியாது, தெரியாததில் பெருமை வேறு.

எங்கள் தொழிற்சாலையில் போன வாரம் நடந்ததைக் கேள். பிளாஸ்டிக் வாளி செய்யும் புது மெஷினைப் பூட்ட ஒரு சீன மெக்கானிக் வந்திருந்தார். நான் இருக்கும் ஸ்டோர் ரூமுக்கு வந்தால் வேண்டிய போல்ட்டைப் படம் வரைந்து காட்டுவார், வாங்கியதும் தலை குனிந்து நன்றி சொல்வார். அவர் ஒரு நாள் லீவு கேட்டார். மேனேஜர் போனில் காலண்டரைப் பார்த்தார், சீன விடுமுறை என்று போட்டிருந்தது, உடனே கேக்குக்கும் பலூனுக்கும் சொல்லிவிட்டார். அது முன்னோர் கல்லறையைப் பெருக்கி வணங்கும் நாள் என்று போன வருஷம் நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். நட்டு போல்ட்டை எண்ணுங்கம்மா, சரக்கு வாங்குறவனுக்குச் சரித்திரம் எதுக்கு என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

மறுநாள் லீவில் அறையில் இருந்தவரைக் கூட்டி வந்து கையில் கத்தியைக் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினோம். அவர் தொப்பியைக் கழற்றினார், கத்தியைக் கீழே வைத்தார், போனில் ஏதோ பேசினார். போன் நம் மொழியில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னது: “என் தாய் இறந்து நான்கு மாதம் ஆகிறது. இன்று நான் அவள் கல்லறையில் நின்றிருக்க வேண்டும். எதற்காகக் கை தட்டுகிறீர்கள்?”

சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டார். மெஷின் பாதியில் நிற்கிறது. ரோஷக்காரன் என்று திட்டித் தீர்த்த மேனேஜர் நேற்று குழைந்துகொண்டு வந்தார், உங்க பொண்ணு சீனம்தானே படிக்குது, மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கம்மா என்று. முடியாது என்றேன். மேனேஜருக்கு மன்னிப்பு முக்கியமில்லை, மெஷின் ஓட வேண்டும்.

உன் அப்பாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். நானும் தட்டினேன். அது என்ன நாள் என்று நம் ஆட்களில் நிச்சயமாகத் தெரிந்திருந்தவள் நான் ஒருத்திதான், சிரிப்புக்குப் பயந்து தட்டினேன். நான் சொன்னதை நம்பாமல் தட்டியவர்களைவிட நான் கேவலம். அந்த மெக்கானிக்குக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், என் பெயரில், கம்பெனி பெயரில் இல்லை. போன் சொல்லும் மொழியில் வேண்டாம். தாயை இழந்தவரிடம் அவர்கள் ஊரில் எப்படிப் பேசுவார்களோ அப்படி எழுத வேண்டும். அதற்கு எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

நீடூழி வாழ வேண்டும் கண்ணு, உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும். மாறுவதாகக் காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாதே. சித்தப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பிடிவாதக்கார
அம்மா