கூடத்து ஃபேன் மெதுவாகச் சுற்றிய விவரம்

திருநெல்வேலி
19.5.1996

சௌபாக்கியவதி ஸ்ரீலக்ஷ்மிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பால்டிமோரில் நீ, மாப்பிள்ளை, குழந்தை ஸ்னேகா மூவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். கடிதம் அம்மாவின் எழுத்தில் இருக்கிறதே என்று திகைக்காதே, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், காரணம் பின்னால் வரும்.

இங்கே வெயில் கடுமை, ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். இந்த நேரம் பார்த்துக் கூடத்து ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். முதலில் வோல்டேஜைச் சந்தேகப்பட்டேன், ஆனால் டியூப்லைட் ஒரே தட்டில் எரிந்தது, உள்ளறை ஃபேனும் வேகமாகச் சுற்றியது. இறக்கைத் தூசியைத் துடைத்தும் பயனில்லை. கையால் சுழற்றினால் சத்தமில்லாமல் ஓடியது, ஆகவே பேரிங்கிலும் பழுதில்லை. பிறகு ஸ்விட்சைப் போட்டாலும் தானாகக் கிளம்பாமல் நின்றது, அதற்கு அம்மா தனி வழி ஒன்று கண்டுபிடித்தாள். மடிப்புடவையை உயரக் கொடியில் போடுகிற கோலால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளுவாள், ஃபேன் கிளம்பிவிடும். பத்து நாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், முப்பது வருஷம் பௌதிகம் நடத்திய எனக்கு உறைக்கவில்லை. தச்சநல்லூரில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் சிவசண்முகம், என்னிடம் படித்தவன், தெருவில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோலு வச்சுத் தள்ளினாத்தான் ஓடுதுன்னா கண்டென்சர் போயிட்டுன்னு நீங்கதான சொல்லிக்குடுத்திய சார்வாள் என்றான். தானே வந்து மாட்டித் தருவதாகவும் சொன்னான், நான் வேண்டாம் என்றேன்.

கண்டென்சர் வாங்கி வந்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். பழையதைக் கழற்றியாயிற்று. புதியதன் கம்பியைத் திருகுக்கு அடியில் நுழைக்க வேண்டியதுதான் பாக்கி, நுழையவில்லை. வலது கை ஆடிக்கொண்டே இருந்தது, இடது கையால் பிடித்தும் நிற்கவில்லை. கால் மணி நேரம் முயன்றேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, போறும், இறங்குங்கோ என்று மட்டும் சொன்னாள். சொல்லி அனுப்பியதும் சிவசண்முகம் வந்து ஐந்து நிமிஷத்தில் மாட்டிவிட்டுப் போனான். ஃபேன் இப்போது ஜோராகச் சுற்றுகிறது, இந்தக் காகிதம் பறக்காமலிருக்க அம்மா மேலே டம்ளரை வைத்திருக்கிறாள்.

மாசியில் நீ என் எழுத்து ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய பேனா சரியில்லை என்று பதில் எழுதினேன். பேனா நல்ல பேனா. கை அப்போதே ஆடத் தொடங்கியிருந்தது, அம்மாவிடமும் மறைத்தேன். போன வாரம் பாளையங்கோட்டையில் டாக்டரிடம் காட்டினோம். நரம்பு சம்பந்தப்பட்டது, முழுக்கக் குணமாகாது, மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். இரண்டு வேளையும் சாப்பிடுகிறேன். உன்னிடம் பொய் சொன்னது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. இதற்காக நீ உடனே புறப்பட்டு வர வேண்டாம். இந்த வரியை எழுத அம்மா மறுத்தாள், பிறகு எழுதினாள். வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்னேகாவுக்குத் தமிழ் எழுத்தைத் தினமும் பத்து நிமிஷமாவது பழக்கு. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் உனக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். கீழே கையெழுத்தை மட்டும் நானே போடுகிறேன், நீ அனுப்பிய பேனாவால்தான். எப்படி விழுந்திருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுது.

அப்பா
சுப்பராமன்