கையெழுத்து விடுபட்ட பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு, ஜோசலின் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நாசரேத்தில் மழை விட்டதா? நான் சுகம்தான், கொஞ்சம் அசதி.

மருத்துவமனைக்குச் சமைத்துக் கொடுக்கும் டெண்டரில் கங்கம்மா அக்காவின் மகளிர் குழுவை நிராகரித்திருந்தார்கள். அதை எதிர்த்து நான் நடத்திய வழக்கு நேற்று தோற்றுவிட்டது. டெண்டர் விண்ணப்பத்தில் ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லை என்பதுதான் காரணம். அதைச் சரிபார்த்து அனுப்பியவள் நான்தான். பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் அக்காவிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

அவர், "பன்னெண்டு பொம்பளைங்க காத்துகினு கீறாங்க. நான் இன்னான்னு சொல்றது?" என்றார்.

"நானே வந்து சொல்றேன்க்கா."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் பெண்கள் இருக்கும் கூடுவாஞ்சேரிக்குப் போகிறேன். பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். ஞாயிறு மதியம் மட்டும் போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள் அப்பா. ரயிலுக்கு நேரமாகிறது.

ஜோசலின்