இடுப்பில் இருந்த அரிவாள்

தை 9, வியாழன்

கடும் பனி. ஒரத்தநாட்டுக் கல்யாண ஆல்பத்தை இன்று ஒட்டி முடித்திருக்க வேண்டும். ஸ்டுடியோவைத் திறக்கும்போதே கான்ஸ்டபிள் வந்து நின்றார். "கேமராவ எடுத்துக்கிட்டு வாங்க. வயல்ல ஒரு பொணம்."

மாணிக்கம். அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டு ஆட்களைத் திரட்டியவர். பண்ணையார் வயலில், வரப்போரம் குப்புறக் கிடந்தார். பிடரியில் வெட்டு. அவருடைய அரிவாள் இடுப்பிலேயே, முதுகுப் பக்கம் செருகியபடி. உருவவே இல்லை. அப்படியே ஒரு படம் எடுத்தேன்.

பிறகுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். உடலைப் புரட்டச் சொன்னார். அரிவாளை உருவி வலது கையில் வைத்தார்கள்.

"இப்ப எடுங்க."

"முன்னாடியே எடுத்துட்டேன் சார்."

"அது கெடக்கட்டும். இத எடுங்க."

எடுத்தேன். படம் கலங்கிப் போனால் நல்லது என்று இருந்தது.

தை 10

கலங்கவில்லை. நல்ல தெளிவு.

படம் கழுவும் ஹைப்போ தீரப்போகிறது. பாப்பாவுக்கு இருமல், கஷாயம் குடிக்க அடம்.

மாலையில் இன்ஸ். நேரில் வந்து பிரிண்ட், நெகட்டிவ் எல்லாவற்றையும் வாங்கிப்போனார். போனபிறகு பார்த்தால், கறுத்துப்போனது என்று நான் கழித்த பிரிண்ட் ஒன்று தொட்டியின் அடியில். முதலில் எடுத்த படம். இடுப்பு அரிவாள் தெரிகிறது.

டீக்கடையில் பேச்சு: "பண்ணையார வெட்டப் போனானாம். அவரு ஆளு குறுக்க பூந்து தடுத்தானாம்."

டீக்குக் காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தை 15

மாணிக்கத்தின் மனைவி அஞ்சலை வந்தார், கொழுந்தனோடு. உள்ளே கூப்பிட்டும் வாசலிலேயே நின்றார்.

"அவர படம் புடிச்சீங்களாமே. வீட்ல ஒரு படங்கூட கெடையாதுங்க. மொகம் மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு."

என்னிடம் இருப்பது குப்புறக் கிடக்கும் படம். எப்படிச் சொல்வது? "கோர்ட்டுல காட்டணும்மா. அப்புறம் தர்றேன்."

கொழுந்தன்: "நம்ம ஆட்சி, ஏழைக்கு இனிமே நியாயம்னாங்க. ஸ்டேஷன்ல செவுத்துல மாட்டுன படந்தான் மாறியிருக்கு."

இரவு மனைவியிடம் அந்தப் பிரிண்ட் பற்றிச் சொன்னேன். "நமக்கும் ஒரு பொண்ணு இருக்குங்க." பாப்பாவின் போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

ஆடி 6

தஞ்சாவூர் கோர்ட். ஆற்றில் புதுத்தண்ணீர், பஸ்ஸெல்லாம் அதே பேச்சு. குடை ஒழுகிச் சட்டை ஈரம். அந்தப் பிரிண்ட்டை அரசு வக்கீலிடம் கொடுத்தேன். முகம் சுளித்து வாங்கிக்கொண்டார்.

கூண்டில் நான். பண்ணையார் ஆளின் வக்கீல் போலீஸ் படத்தை நீட்டினார். கையில் அரிவாள்.

"இது நீங்க எடுத்ததுதானே?"

"ஆமாங்க. ஆனா அதுக்கு முன்னாடி..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமாங்க."

அடுத்து என் கறுத்த பிரிண்ட். "இதுக்கு நெகட்டிவ் எங்க?"

"இன்ஸ்பெக்டர் வாங்கிட்டுப் போனாருங்க."

அப்படி ஒரு நெகட்டிவ் தன்னிடம் வரவே இல்லை என்று இன்ஸ். ஏற்கெனவே சாட்சி சொல்லியிருக்கிறார். நெகட்டிவ் இல்லாத படத்தை ஏற்க முடியாது என்றார் நீதிபதி. பிரிண்ட் என் கைக்கே திரும்பி வந்தது. கோர்ட் ஏற்றுக்கொண்ட படமும் நான் எடுத்ததுதான்.

ஆவணி 2

தீர்ப்பு. தற்காப்புக்காக வெட்டினான், விடுதலை. பண்ணையார் வீட்டு வாசலில் வெடி போட்டார்களாம்.

ஹைப்போ வந்துவிட்டது.

ஆவணி 3

மழை இல்லை, புழுக்கம். அஞ்சலை தனியாக வந்தார்.

"கோர்ட்டு வேணான்னுருச்சுல்ல. எங்கிட்ட குடுத்துருங்க."

"அதுல குப்புற கெடக்கறாரு, மொகம் தெரியாதும்மா."

"பரவால்லங்க."

கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, அந்தப் பக்கத்திலும் பார்த்தார்.