அப்பா கட்டிய தெரு

பிரிட்லிங்டன்,
நவம்பர் 17

அன்புள்ள ப்ரையனி,

நானும் அப்பாவின் பூனையும் வேளாவேளைக்குத் தின்று கொண்டு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், டனீடினில் நீயும் கேலமும் குட்டி ரூஃபஸும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. போனிலேயே பேசிவிடலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் நான் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன், அதற்குள் ரூஃபஸ் போனைப் பிடுங்கி அவன் மூக்குத் துவாரத்தைக் காட்டுகிறான், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். போன மாதம் நீ ஒன்று கேட்டாய். மார்ச்சில் ரூஃபஸுக்கு ஐந்து வயது முடிந்து பள்ளிக்கூடம் போகிறான், அப்பா பலகையில் செய்த தெருவைக் கப்பலில் அனுப்பு, அதை வைத்து அவனுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று. நான் பதிலுக்குச் சரி என்று போனில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். அந்தக் கட்டைவிரல் பொய், கண்ணு. தெரு இல்லை. அதைத் தூக்கிப் போட்டாயிற்று. தூக்கிப் போட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பிப்ரவரியில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு நீங்கள் விமானம் ஏறியதிலிருந்து இப்படித்தான். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் நம்முடையதா அடுத்த வீட்டுக்காரருடையதா என்று தெரியாமல் இருக்குமே, அது எனக்குத் தலையிலிருந்து கால் வரைக்கும். எதிர்வீட்டு பாலின் வாரம் ஒரு ஆப்பிள் பை சுட்டுக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அழுதுரு கெயில், உள்ள வச்சிக்காத" என்கிறாள். உள்ளே இருப்பது அவளுடைய பைதான், அதுவும் செரிக்காமல் இருக்கிறது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்த ஊரில் இப்போது என்னைப் பார்க்கிற எல்லோருக்கும் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தபால்காரருக்குக் கூட.

தெருவை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கும் நினைவில் நிற்கும். நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் உதவி டீச்சராகச் சேர்ந்த முதல் வருஷம், எதைச் சொன்னாலும் பிள்ளைகளுக்கு எழுத்தை எழுத்தோடு ஒட்ட வைக்க முடியவில்லை என்று வீட்டில் வந்து புலம்பினேன். அப்பா தான் வேலை பார்த்த கேரவன் பார்க்கில் வண்டி வீடுகளைப் பழுது பார்த்து மிஞ்சிய ப்ளைவுட்டைக் கொண்டு வந்து ஆறடி நீளத்துக்கு ஒரு தெருவைச் செய்துவிட்டார். பத்து வீடு. ஒரே மாதிரி முடிகிற சொற்களுக்கு ஒரு வீடு. கேட், ஹேட், ரேட், பேட் என்று பூனையும் தொப்பியும் எலியும் வௌவாலும் முதல் வீடு, பிக், விக் என்று பன்றியும் பொய்முடியும் ஒரு வீடு, ஹென், பென், டென், மென் எல்லாம் மூன்றாம் நம்பர் கோழி வீடு. கதவில் கடைசி இரண்டு எழுத்தும் நிரந்தரமாக எழுதியிருக்கும், பக்கத்தில் ஒரு துளை, அதன் பின்னால் ஒரு மரப்பட்டை மேலும் கீழும் ஓடும், அதில் முதல் எழுத்துகளும் சின்னப் படங்களும். பட்டையை ஒரு இழுப்பு இழுத்தால் வாசலுக்குக் கோழி வரும், இன்னொரு இழுப்புக்குப் பேனா வரும். வண்ணம் மட்டும் எல்லாம் கேரவன் பச்சையும் கேரவன் மஞ்சளும், அங்கே மிஞ்சியது அவ்வளவுதான். அப்பாவுக்குப் படம் வராது, பன்றியைப் பார்த்தால் நார்மன் மாமா மாதிரி இருக்கும், கோழி அசல் பாலின். நீ வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின கோடையில் மூன்றாம் நம்பர் வீட்டு ஜன்னலுக்கு உன் நகப்பூச்சை எடுத்துச் சிவப்புத் திரை போட்டுவிட்டுப் போனாய். பத்து வருஷம் அந்தத் திரை வெளுக்கவில்லை. நகத்தில் அது எப்படி உரிந்தது என்பதுதான் ஆச்சரியம்.

இப்போது எப்படிப் போயிற்று என்று கேள். எங்கள் பள்ளிக்கூடம் போன வருஷம் எழுத்தொலி சொல்லிக் கொடுக்க ஒரு புதுத் திட்டத்தை வாங்கியது. அட்டை, படம், கை அசைவு, டீச்சர் எந்த நொடியில் புருவத்தைத் தூக்க வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. ஒரு விதிதான் முக்கியம்: அதை வைத்துக்கொண்டால் வேறு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. சுவரில் பழைய படம் ஒன்று இருந்தாலும் பிள்ளைகள் குழம்பிவிடுவார்களாம். எங்கள் வகுப்பு டீச்சர் இமோஜென், இருபத்து நான்கு வயசு, தங்கமான பெண், தெருவைப் பார்க்காதது போலவே ஒரு வருஷம் ஓட்டினாள். அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரைக்கு இன்ஸ்பெக்ஷன் போன் வந்தது, நாளைக்கு வருகிறோம் என்று. அந்தப் போன் வந்தால் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், அமைதியான ஜனங்கள் எல்லாம் ஸ்டேப்ளரோடு ஓடுவார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் திருமதி ஆர்மராட் கையில் பட்டியலோடு வகுப்பு வகுப்பாக வந்தார். முற்றத்தில் கழிப்பறைக் கூரை வேலைக்காக ஒரு பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி நின்றது, பழைய அட்டையும் படமும் அதற்குள் போய்க்கொண்டிருந்தன. தெருவுக்கு முன்னால் வந்ததும் அவர் நின்றார். தலை சாய்ந்தது. "இத மட்டும் ஹால் மேடைக்குப் பின்னாடி மறைச்சு வச்சிரலாம் கெயில், அவங்க போனதும் நாம உக்காந்து பேசிக்கலாம்" என்றார். பார், அந்தம்மா வழி விட்டார். யார்மேலும் பழி போட எனக்கு இடமே இல்லை. நான்தான், "எதுக்குங்க மறைக்கணும், போட்டுரலாம்" என்றேன். காவலாளி ட்ரெவரிடம் திருப்புளி வாங்கி நாலு ஸ்க்ரூவையும் நானே கழற்றினேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு, "நெசமாத்தான் சொல்றியா? உன் கிளைவ் செஞ்சதுல்ல இது?" என்றார். "பலகைதானே ட்ரெவர்" என்றேன். தொட்டிக்குள் விழுந்தபோது ஏதோ ஒரு வீட்டுப் பட்டை கடகடவென்று கடைசி வரைக்கும் ஓடி நின்றது. பிறகு உள்ளே போய் எல்லோருக்கும் வாங்கியிருந்த பீட்சாவில் இரண்டு துண்டு தின்றேன், அன்னாசிப்பழம் போட்டது. எனக்கு அன்னாசிப்பழம் போட்டது பிடிக்காது என்பது மூன்றாவது துண்டை எடுக்கும்போதுதான் நினைவு வந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்ஷன்காரர் வந்தார், மெத்து மெத்தென்று செருப்பு, சத்தமே வராது. பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் காதுக்கு வர உட்கார்ந்து லேசியைக் கூப்பிட்டார். லேசி போன வருஷம் முழுக்க என் குழுவில் இருந்தவள், ஒவ்வொரு ஒலியையும் மணி மணியாகச் சொல்லுவாள், ஹ், எ, ன் என்று, சேர்த்துச் சொல்லுடி தங்கம் என்றால் "பஸ்" என்பாள். தெருவில் பட்டையை அவள் கையாலேயே இழுத்தால் மட்டும்தான் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஏன் என்று எனக்கும் தெரியாது, திட்டம் செய்தவர்களுக்கும் தெரியாது. அவர் திட்டத்தின் அட்டை ஒன்றைக் காட்டினார். ப், எ, ன் என்றாள் லேசி. நிறுத்தினாள். பாடம் நடக்கும்போது யாரும் கம்பளத்தை விட்டு எழக் கூடாது, அவள் எழுந்தாள். தெரு இருந்த சுவருக்குப் போனாள். அங்கே ஆறடி நீளத்துக்கு வெயில் படாத புது மஞ்சள் சுவரும் நாலு ஓட்டையும்தான் இருந்தன. இடது கோடியிலிருந்து எண்ணிப் போய் மூன்றாவது இடத்தில் விரலை வைத்தாள், வெறும் சுவரில் கீழே இழுத்தாள். "பென்" என்றாள். இன்னும் கொஞ்சம் இழுத்து, "டென்." அதோடு விடவில்லை, "மென்" என்று முடித்துவிட்டு விரலை மேலே தள்ளி, "ஹென், பாருங்க ஹென்" என்றாள். அவர், "அங்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். "வீடு. மிஸ்ஸோட வீட்டுக்காரர் கட்டுனது. உங்களுக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள் லேசி. அவர் நோட்டில் எதையோ எழுதினார். திருமதி ஆர்மராட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், இமோஜென் மூக்கைச் சிந்தினாள். நான் அந்த நாலு ஓட்டைக்கும் சுண்ணப்பசை வைத்து அடைக்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமும் தொட்டி முற்றத்தில்தான் நின்றது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கேரவன் பச்சையில் ஒரு மூலை தெரிந்தது. நான் சாண்ட்விச் தின்றேன். போகவில்லை. புதன்கிழமை காலை லாரி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. சனிக்கிழமை உன் செய்தி வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து அறிக்கையில் வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள், சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஷெட்டைத் திறந்தேன். பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அதற்குள் என்னமோ இருக்கும், எதையோ கண்டுபிடித்து உடைந்து போவேன் என்று பாலின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காத்திருந்தாள் பாவம். இருந்தது ஒரு காலி பிஸ்கட் டின்னும் அரைப்பலகை ப்ளைவுட்டும். சரி, ஒரு வீடாவது கட்டுவோம் என்று மூன்றாம் நம்பரை ஆரம்பித்தேன். மூன்று வாரக் கடைசி ஆயிற்று. கூரை ஒரு பக்கம் சரிந்துவிட்டது, அதற்கும் என்னைப் பார்த்துத் துக்கம் போலிருக்கிறது. இரண்டாவது வாரம் ரம்பம் நழுவி இடது கட்டைவிரலில் இறங்கியது, நான் பொய்யாக உனக்கு அனுப்பிய அதே விரல். வலித்தது, ப்ரையனி. ஷெட்டுக்குள் நின்று கத்தினேன், உன் அப்பாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், ரம்பத்தை இப்படிக் கூராகத் தீட்டி வைத்துவிட்டுப் போகிற மனுஷன் உண்டா என்று. பாலின் ஓடி வந்து, "அப்பாடா, அழுதுட்டியா?" என்றாள். "விரல் போச்சுடி, காரை எடு" என்றேன். மூன்று தையல். ஆனால் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதே, மறுநாள் காலையில் மறுபடியும் பல் டாக்டர் ஊசிதான்.

வீட்டைப் பையில் மறைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோட்டு மாட்டுகிற இடத்தில் வைத்து லேசியிடம் காட்டினேன். பட்டையை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். "மிஸ், இது ரொம்ப இறுக்கமா இருக்கு. உங்க வீட்டுக்காரர்ட்ட குடுத்து சரி பண்ணிட்டு வாங்க" என்றாள். அப்புறம் அவளே, "ஓ, அவர் செத்துட்டாருல்ல" என்று சொல்லிவிட்டு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்பது மாதத்தில் கழுத்தைச் சாய்க்காமல் என்னிடம் அதைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அன்று சாயங்காலம் பட்டையை உப்புத்தாளால் தேய்த்தேன், இப்போது ஏதோ வருகிறது.

அந்த ஒரு வீடுதான் பெட்டியில் வருகிறது. ரூஃபஸுக்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், சாப்பிட்ட பிறகு மடியில் வைத்துக்கொள். ஒலிக்குப் பின்னால் வால் ஒட்டாதே, உதட்டை மூடி ம் என்று சொன்னால் ம் என்றே நிற்க வேண்டும், உன் அப்பா சாகிற வரைக்கும் ம்அ ம்அ என்று ஆட்டுக்குட்டி மாதிரிதான் சொன்னார், அதைப் பழகிய பிள்ளைகளுக்குச் சொல் சேரவே சேராது. பட்டையை அவன் கையாலேயே இழுக்க விடு, நீ அவசரப்பட்டு இழுத்துவிடாதே, உன்னால் பொறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இல்லாத சொல் எதையாவது அவனே செய்து சிரித்தால் சிரிக்க விடு, அதுவும் வாசிப்புதான். அந்த வீடு பழகிவிட்டால் சமையலறையில் என்னென்ன ஒரே மாதிரி முடிகிறது என்று தேடச் சொல். மீதி ஒன்பது வீட்டுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேலமுக்கு ரம்பம் பிடிக்கத் தெரியுமா? தெரியாவிட்டால் கொடுக்காதே.

மூன்றாம் நம்பர் ஜன்னலுக்கு நான் திரை போடவில்லை. அது உன் வேலை, அதே சிவப்பு கிடைத்தால் பார்.

நீயும் உன் வீடும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், ரூஃபஸ் வாசிக்கிற முதல் சொல் எதுவானாலும் அது அவனுக்குப் பொருந்தி வர வேண்டும். குளிர்காலச் சட்டையை இன்னும் பெட்டிக்குள் வைக்காதே, உன் ஊரில் வசந்தம் என்று சொல்வதை நான் நம்பவில்லை. இன்னொன்று, இதை மறந்துவிடாதே. உன் அப்பா இரண்டு மாதம் உட்கார்ந்து செய்ததை நான் பத்து நிமிஷத்தில் தூக்கிப் போட்டேன். பிப்ரவரியிலிருந்து இங்கே யாரும் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை, நான் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஷெல்ஃபில் இருக்கிறேன். நீ பதில் எழுதும்போது பரவாயில்லை அம்மா என்று எழுதாதே. நன்றாகத் திட்டி எழுது.

பத்து வீட்டைத் தொலைத்து ஒரு வீட்டைக் கட்டிய
உன் அம்மா,
கெயில்