வெறுங்கையால் இரும்பைத் தொடாதே

மொன்ட்ரியால்-நோர்
ஜனவரி 18

அன்பு மகன் டனிஸ்ரன் அறிவது,

மடு மாதாவின் தயவில் நாங்கள் மூவரும் சுகம். அந்த யூக்கோன் குளிருக்குள் நீயும் சுகம் என்று உன் வாயால் கேட்டால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். போனில் நீ "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். கையெழுத்து தங்கச்சி ஜொய்சியுடையது. தமிழ் வகுப்புக்குப் போகிறவள், எழுதிப் பழகட்டும் என்று நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

முதலில் நீ வாங்கி விட்டுப்போன லொறியின் சுகத்தைச் சொல்கிறேன். கனடா இராணுவம் கழித்துவிட்ட நாற்பது வயதுக் கிழவன் இந்தப் பனிக்காலம் ஒரு நாள்கூட என்னைக் கைவிடவில்லை. போன செவ்வாய் மைனஸ் இருபத்தொன்பது. நீ சொன்னபடி முதல்நாள் இரவே எஞ்சின் ஹீற்றரைக் கரண்டில் கொழுவி, பற்றரி இரண்டுக்கும் பழைய கம்பளியைப் போர்த்திவிட்டேன். குசினி ஜன்னலில் தேங்காயெண்ணெய் உறைவதுபோல டீசலும் உறையும் என்று நீ விளங்கப்படுத்தியதை மறக்கவில்லை, உறையாமல் வைக்கும் மருந்து கலக்காமல் ஒரு துளியும் ஊற்றுவதில்லை. விடிய இரண்டாம் தரம் சுவிச்சைத் தட்ட, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஸ்ரார்ட் ஆகிவிட்டது. பிரேக்குக்குக் காற்று நிரம்பும்வரை கால் மணித்தியாலம் உறுமவிட்டு, காலைப் பூசைக்கு முன்பே கோயில் வளவுப் பனியை லொறியின் முன்தகட்டால் தள்ளி முடித்தேன். அம்மாவுக்கு ஒரே நக்கல். "ஊரில ஆமி லொறிச் சத்தம் கேட்டாப் பின்வளவால ஓடின மனிசன், இஞ்ச அதுக்குப் போர்வை போத்திவிடுறார்" என்று. அன்டன் மாமாதான் "வித்துத் தள்ளு பத்தி, உனக்கும் அறுபத்திமூண்டு, அதுக்கும் வயசு போட்டுது" என்று புறுபுறுக்கிறார், நான் காதில் போடுவதில்லை.

ஆகவே மகன், அப்பாவுக்கு ஏலாது என்றால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்ற கதையை இனி எடுக்காதே. விமான எஞ்சினில் கைவைக்கிற வேலை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மாத முடிவில் நிரந்தர வேலைக்கான கடிதம் தந்தால் யோசிக்காமல் கையெழுத்துப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, எவ்வளவு அவசரமானாலும் வெறுங்கையால் இரும்பைத் தொடாதே. உன் கைகள் செய்யும் வேலையை ஆண்டவர் ஆசீர்வதிப்பார்.

உன்மேல் உயிரான அப்பா,
அ. பத்திநாதர்

அண்ணை, இனி எழுதுவது நான், ஜொய்சி. இரண்டு பேரும் படுத்துவிட்டார்கள். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். "அவனுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டிட்டு ஓடிவந்திடுவான்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதே செவ்வாய் பின்னேரம், பிரேக்கின் காற்றுத் தாங்கியில் சேர்ந்த தண்ணீர் உறையமுன் வடிக்க லொறிக்குக் கீழே போனவர், சின்னத் திருகு பிடிபடவில்லை என்று கையுறையைக் கழற்றிவிட்டார். வலது கையில் மூன்று விரல்களின் தோல் இரும்போடு போய்விட்டது. பயப்படாதே, ஆறிவிடும் என்று டொக்டர் சொன்னார். ஆனால் இன்னொரு தரம் நடக்கக்கூடாதாம். வெறுங்கையால் இரும்பைத் தொடாதே என்ற அந்த வரியை, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டுதான் அப்பா சொன்னார். நான் நிமிரவே இல்லை, எழுதினேன்.

இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார், அம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து செபமாலை சொல்கிறார். தண்ணீர் வடிப்பது நான். என் விரல் சின்னது, மெல்லிய கையுறையோடு திருகைப் பிடிக்கலாம். காற்றுச் சீறும்போது பயத்தில் கண்ணை மூடிக்கொள்வேன், ஆனாலும் விடுவதில்லை. கட்டு அவிழ்ந்ததும் அப்பா என்னைத் தள்ளிவிட்டுத் திரும்பவும் கையுறையைக் கழற்றத்தான் போகிறார்.

அதற்காக நீ வந்துவிடாதே. அந்தத் திருகைத் தடித்த கையுறையோடு திருப்பக்கூடிய நீளமான கைப்பிடி ஒன்று செய்து என் பெயருக்கு அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் உன் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடு. பிறகு கைப்பிடி.